அடிவாரத்தில் கட்டிவிட்டு வந்த மருந்துப் பை

என் கணவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது ஒரு வியாழக்கிழமை உச்சிப்பொழுதில். கொல்லிமலை மேல், இரண்டு நாள் முன்புவரை முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் புல் வேய்ந்த வீட்டில். பற்கள் கிட்டிக்கொள்ள, மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்கினார். எனக்குப் பயம் வரவில்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் தாதிப் பயிற்சி பெற்றவள் நான். மலேரியா என்கிற முறைக்காய்ச்சல் எனக்குப் புதிதல்ல. மருந்துப் பையை எடுக்கத் திரும்பினேன்.

பை இல்லை.

அந்த நிமிடத்தில் பிடித்த பயம் நான்கு நாள் என்னை விடவில்லை. அதையும், அது எப்படி விலகியது என்பதையும் அடியார்களாகிய உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. என் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர். பழைய கோயில்களின் சிற்பங்களையும் புத்தர் சிலைகளையும் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர் ஆசை. கலியாணமான முதல் கோடை விடுமுறையில் இருவரும் புறப்பட்டோம். காஞ்சிபுரம், நாகப்பட்டினம், தஞ்சாவூர், பிறகு ஆத்தூருக்குப் பக்கத்தில் தியாகனூர், அதன்பின் நாமக்கல் குடைவரைகள், கடைசியில் கொல்லிமலை அறப்பளீசுவரர். அவர் வரைவார். நான் ஜாபிதா எழுதுவேன். எந்த ஊரில் என்ன சாமான் இறக்கினோம், என்ன ஏற்றினோம், எவ்வளவு மிச்சம் எல்லாம் அதில் இருக்கும்.

"சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு சாமானைச் சரிபார்த்துட்டுத்தான் நீ உள்ளே வருவே" என்று கேலி செய்வார்.

"நீங்க தொலைச்சுட்டு வர்ற பென்சிலை யார் கணக்கு வைக்கிறது?" என்பேன்.

தியாகனூரில் வயலுக்கு நடுவே ஆளைவிடப் பெரிய புத்தர் அமர்ந்திருக்கிறார். ஊரார் விளக்கு வைத்துக் கும்பிடுகிறார்கள். என் கணவர் மூன்று நாளும் சாயங்கால வெளிச்சத்துக்காகக் காத்திருந்து வரைந்தார். சுற்றிலும் தண்ணீர் பாய்ச்சிய வயல். கொசு அவர் கழுத்திலும் கையிலும் மொய்த்தது. முறைக்காய்ச்சல் வராமலிருக்கக் கொயினா மாத்திரை ஒன்று தரட்டுமா என்று கேட்டேன். "கசப்பு, வேண்டாம்" என்றார். கொயினா விளையும் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைக்குப் போனதிலிருந்து கொயினா கிடைப்பதே அரிது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு புட்டி. மிச்சமாகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு அடிவாரத்தில் நடந்தது. சேந்தமங்கலம் வரை, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மலையடிக்கு வண்டி பிடித்தோம். சுமை தூக்கவும் வழி காட்டவும் பெரியண்ணன் என்ற மலைக்காரர் வந்தார். அவர் வீட்டில் தங்குவதாகத்தான் ஏற்பாடு. ஏறுகிற தடத்தின் தொடக்கத்தில் ஒரு புளியமரம், அதன்கீழ் மலைக்குக் காவல் தெய்வமான கருப்பன். பெரியண்ணன் சுமையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, தோல் சாமான் எதுவும் மேல வரக்கூடாதுங்க. செருப்பு, வாரு எல்லாத்தையும் இங்கயே மரத்துல கட்டிப்போடுங்க."

"யாராவது எடுத்துட்டா?"

அவர் சிரித்தார். "கருப்பன் காவல்ல இருக்கறத எவன் தொடுவான்? முடிச்சுப் போட்ட கைதானுங்க அவுக்கோணும். அந்தக் கைக்குச் சொந்தக்காரரே வந்தாத்தான் உண்டு."

நான் ஜாபிதாவை எடுத்தேன். செருப்பு இரண்டு ஜோடி. இடுப்பு வார் ஒன்று. காமிரா உறை ஒன்று. தோல் பை ஒன்று. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அடையாளமிட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து என் கையாலேயே கிளையில் இறுகக் கட்டினேன். அந்தத் தோல் பைதான் மருந்துப் பை. அதன் வெளிப்புறத்தில், ஆஸ்பத்திரிப் பழக்கப்படி, உள்ளே இருப்பவற்றின் பெயரை நானே எழுதி ஒட்டியிருந்தேன்: அயோடின், பஞ்சு, துணிக்கட்டு, கொயினா மாத்திரை. அந்த எழுத்து என் கண்ணெதிரே இருந்தது. தோலை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, மருந்தை நினைக்கவில்லை. ஜுரமானி மட்டும் முதல் நாள் வெளியே எடுத்ததால் தகரப் பெட்டியில் தங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஏறினோம். புதன்கிழமை அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு வீடு திரும்பினோம். வியாழன் உச்சியில் குளிர் வந்தது.

ஜுரமானி நூற்றுநான்கு காட்டியது. நாளை எண்ணிப் பார்த்தேன். தியாகனூர் வயலில் உட்கார்ந்து பன்னிரண்டு நாள். கொசு கடித்து முறைக்காய்ச்சல் காண அவ்வளவு நாள்தான் பிடிக்கும். கணக்குச் சரியாக இருந்தது. அந்தச் சரிதான் என்னைக் கலக்கியது.

பெரியண்ணனிடம் ஓடினேன். "அண்ணா, கீழே போய் அந்தப் பையை எடுத்துட்டு வாங்க. அவருக்கு மருந்து அதுலதான் இருக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அம்மிணி. வேற என்ன வேணாலும் சொல்லுங்க. மலையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, வாரேன். அந்த முடிச்சத் தொடமாட்டேனுங்க. எம்புள்ளைக்கே காச்சல்னாலும் தொடமாட்டேன்."

அவர் மனைவி நல்லம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டே அவரைக் கண்ணால் காட்டி, "அது செய்யாதுங்க கண்ணு, அதுக்குப் பயம்" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "கடையில வாங்கியாரதுக்கு என்ன? அதுக்குமா கருப்பன் குறுக்க நிக்கறான்?" என்று அதட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் பெரியண்ணன் சேந்தமங்கலத்துக்கு இறங்கினார். அன்று என் கணவருக்குக் காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்து பலாச்சுளை கேட்டார். சரியாகிவிட்டது என்று நல்லம்மா திருஷ்டி கழித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்தக் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதே பெரிய வேதனை.

சனிக்கிழமை உச்சியில் மீண்டும் வந்தது. நூற்றைந்து. என்னைப் பார்த்து, "சிஸ்டர், என் மனைவி எங்கே?" என்று கேட்டார். ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டேன். நாடியை எண்ணினேன், எழுதினேன். எழுதிய எண்கள் எனக்கே புரியாமல் கோணின. பொழுது சாய்ந்த பிறகுதான் வேர்த்தது.

ஞாயிறு பிற்பகல் பெரியண்ணன் திரும்பினார். கை வெறுமையாக இருந்தது.

"கடைகடையா ஏறி எறங்கிட்டேனுங்க. தபாலாபீசுல விக்கற கொயினாப் பொட்டலமும் தீந்து போச்சாம். பட்டாளத்துக்கே பத்தலையாமுங்க." தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "வர்ற வழியில பைக்கு முன்னால நின்னேன், அம்மிணி. கும்பிட்டேன். கை நீளலீங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் மருந்தைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்து நிற்கிறாரே! திட்ட வாயெடுத்தேன். அவர் கால் கல்லில் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. எனக்காகத்தான் நடந்திருக்கிறார். வெந்நீர் வைத்து அந்தக் காலைக் கழுவிக் கட்டினேன்.

மூன்றாவது குளிர் திங்கட்கிழமை உச்சியில் வரும். அவர் உடம்பு அதைத் தாங்காது. இதைச் சொல்ல எனக்கு வைத்தியர் வேண்டியதில்லை. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகிவிட்டது. நானே இறங்கினால் பையை எடுக்கலாம். ஆனால் இறங்க ஒருநாள், ஏற ஒருநாள். செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தாலே பெரிது. நான் திரும்பும்போது யாருக்கு மருந்து கொடுப்பேன்? போகாமல் இருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஜாபிதாவை எடுத்து, செய்யக்கூடியவை என்று தலைப்பு எழுதினேன். அதன்கீழே எழுத ஒன்றும் இல்லை. என் வாழ்நாளில் அப்படியொரு வெற்றுத் தாளை நான் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை நான் கோயிலில் கும்பிட்டவளே தவிர, எதையும் கேட்டவளல்ல. ஒழுங்காக எழுதி, சரிபார்த்து நடந்தால் போதும், கடவுளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்று எண்ணியிருந்தேன். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில், கோயில் இருக்கும் திசை நோக்கி விழுந்தேன். மலைக்காரர்கள் சொல்வார்கள், இந்த ஈசன் அறுத்துச் சமைத்த மீனையே பொருத்தி ஆற்றில் நீந்தவிட்டவன் என்று. அதைத்தான் பிடித்துக்கொண்டேன். "அறுத்த மீனைப் பொருத்தினவனே, என் கணக்கு தப்பிவிட்டது. போவதா, இருப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இனி நீ பார்த்துக்கொள்." இவ்வளவுதான் சொன்னேன். அழுதேன். எழுந்தபோது பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் போகலாம் என்று மட்டும் தோன்றியது. ஏன் என்று தெரியாது.

திங்கள் விடியலில் நல்லம்மாவிடம் அவரை ஒப்படைத்தேன். ஈரத்துணி எப்படிப் போடுவது, தண்ணீர் எப்போது கொடுப்பது எல்லாம் இரண்டு முறை சொன்னேன்.

"நான் பாத்துக்கறனுங்க சாமி. எங்கூடப் பொறந்தவனாட்டம் பாத்துக்கறேன். நீ போ" என்றாள்.

அவரிடம் சொல்லிக்கொள்ளக் குனிந்தேன். கண்ணைத் திறக்காமலே, "ஜாபிதா எடுத்துக்கிட்டியா?" என்று முணுமுணுத்தார். வாசலைத் தாண்டும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன்.

பெரியண்ணன் முன்னால் நடந்தார். மலைமேல் சந்தை கூடும் ஊரான சோளக்காட்டை நோக்கி ஒரு மணி நேரம் நடந்திருப்போம். இரவு பெய்த மழையில் தடம் வழுக்கியது. ஒவ்வொரு அடியும் என்னை அவரிடமிருந்து பிரித்துக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று நின்றுவிட்டேன். அப்போது திருப்பத்தில் கழுதைகளின் மணி கேட்டது. நாலைந்து கழுதைகளை ஓட்டிக்கொண்டு, தலையில் குல்லாயுடன் நடுவயதுக்காரர் ஒருவர் ஏறி வந்தார். என் வெறுங்காலையும், நகரத்துப் புடவைக் கட்டையும் பார்த்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, கருப்பன் மரத்துல மருந்துப் பையக் கட்டிப்போட்டு வந்தது நீங்கதானுங்களா?"

பெரியண்ணன்தான், "ஆமாங்க பாய்" என்றார்.

அவர் மடியிலிருந்து துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். "கொயினாங்க. போன வருசம் எம்மவளுக்கு வாங்கினது, மிச்சம் இருந்துச்சு. பத்திரமா வச்சிருந்தேன்."

மிளகும் பலாவும் வாங்க மலைக்கு வரும் சேந்தமங்கலத்து வியாபாரி அவர். சனிக்கிழமை சரக்கு வண்டியோடு அடிவாரத்துக்கு வந்தவர், மரத்தில் தொங்கிய பையைப் பார்த்திருக்கிறார். மேலே ஒட்டியிருந்த என் எழுத்தைப் படித்திருக்கிறார்.

"இந்த மலைக்குக் கொயினா இல்லாமயா ஏறுவாங்கன்னு மனசு கேக்கலீங்க. எந்தம்பி இந்தக் காச்சல்லதான் போனான். ஊட்டுக்குத் திரும்பிப் போயி இத எடுத்துக்கிட்டு, நேத்து வெடியறதுக்குள்ள மலையேறத் தொடங்கிட்டேன். நேத்து வெளக்கு வைக்கற நேரம் சோளக்காட்டுல எறங்கி விசாரிச்சேன். மெட்ராசுக்காரங்க இந்தப் பக்கம் தங்கியிருக்காங்கன்னாங்க."

"நேத்து வெடியக்காலையில நானும் அந்தக் கருப்பன் கிட்ட நின்னனே! உங்களப் பாக்கலியே?" என்றார் பெரியண்ணன்.

"கழுதைத் தடம் வேறயில்லீங்களா?"

நான் கேட்டேன், "பையையே எடுத்துட்டு வந்திருக்கலாமே, பாய்?"

அவர் பின்வாங்கினார். "நல்லாச் சொன்னீங்க! காவல்ல இருக்கற பொருளத் தொடறதா? முடிச்சுப் போட்டவங்கதான் அவுக்கோணும். அந்தச் சட்டம் எங்களுக்கும் சேத்துத்தானுங்க." பிறகு சிரித்தார். "பேசிக்கிட்டே நிக்காதீங்க. ஓடுங்க."

ஓடினேன். உச்சிக்கு இன்னும் பொழுது இருந்தது. அளவு பார்த்துக் கொடுத்தேன். மாத்திரையின் கசப்பில் அவர் முகத்தைச் சுளித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு நல்லம்மாவும் நானும் வாசலில் வெயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நிழல் சுருங்கச் சுருங்க, ஜுரமானியைத் திரும்பத் திரும்ப உதறி வைத்தேன். குளிர் வந்தது. வராமல் இல்லை. ஆனால் நூற்றிரண்டோடு நின்றது. பிதற்றல் இல்லை. புதன்கிழமை உச்சி வந்து போனது. காய்ச்சல் வரவில்லை.

அன்று மாலைதான் உட்கார்ந்து நாளையும் நேரத்தையும் எழுதிப் பார்த்தேன். நான் மரத்தடியில் விழுந்து கேட்டது ஞாயிறு விளக்கு வைக்கும் நேரம். அதே நேரத்தில் மருந்து சோளக்காட்டில் இறங்கி எங்களை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறது. சேந்தமங்கலத்தை விட்டுப் புறப்பட்டதோ அதற்கும் முன்னே. என் தவறாகத் தொங்கிய அதே பையைக் கொண்டுதான், என் கையெழுத்தைக் கொண்டுதான் ஈசன் ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பென்சிலை வைத்துவிட்டேன்.

அவருக்கு நடக்கத் தெம்பு வந்தபின் மெதுவாக இறங்கினோம். பை கட்டிய கிளையிலேயே இருந்தது. மழையில் நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. பெரியண்ணன் தள்ளி நின்றே, "இழுங்க அம்மிணி, அப்படித்தானுங்க" என்று தைரியம் சொன்னார். என் கணவர் சரிபார்த்தார். செருப்பு இரண்டு ஜோடி, இடுப்பு வார், காமிரா உறை, தோல் பை. ஒன்றும் குறையவில்லை.

சேந்தமங்கலத்தில் பாய் வீட்டுக்குப் போய் என் புட்டியை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். "எனக்கெதுக்குங்க? மேல யாருக்காச்சும் ஆகட்டும்" என்றார். புட்டியைப் பெரியண்ணன் கையில் நல்லம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் எப்பாடுபட்டாவது கொஞ்சம் கொயினா சேர்த்து பாய் மூலமாக மலைக்கு அனுப்புகிறேன். துணிப்பையில்தான். உள்ளே இருப்பது என்ன என்று வெளியே எழுதி ஒட்டியும்விடுகிறேன்.

நான் இன்னும் ஜாபிதா எழுதுகிறவள்தான். ஆனால் எழுதி முடித்ததும் கைகூப்பி அவனிடம் கேட்காமல் மடித்து வைப்பதில்லை. உங்களில் யாராவது இப்போது என்னைப்போல் வெற்றுத் தாளின் முன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வெட்கப்படாமல் கேளுங்கள். பயம் போகட்டும், பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் பயத்தோடுதான் கேட்டேன். நீங்கள் கேட்க வாயெடுக்கும் நேரத்தில், உங்களுக்கான மருந்து சோளக்காடு வந்து சேர்ந்திருக்கும்.