கழுவிய தண்ணீரின் வட்டம்

எங்கள் துறைத்தலைவருக்கு வட்டம் என்றால் உயிர். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் மருந்தை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வளையம் விழுமே, அது. அதைப் போட்டோ பிடித்துத் திரையில் போட்டு, கோவில்பட்டி வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு பேசினால்தான் அவருக்கு ஜென்மம் கடைத்தேறும்.

நான் அவரிடம் ஆராய்ச்சி மாணவி. சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கை, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக்கி, அதன்மேல் கிருமிகொல்லியை இறுக ஒட்டவைப்பது என் வேலை. புண்ணுக்குக் கட்டும் துணியில் பூசுவதற்கு. ஒட்டாமல் மிஞ்சுகிற கொல்லியைக் கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புண் வெந்துபோகும். நன்றாகக் கழுவிய துகள், தன்னைத் தொடும் கிருமியை மட்டும் கொல்லும். இடம் விட்டு நகராது. அதனால் வட்டமும் விழாது.

இவ்வளவுதான் விஷயம். அந்த மண்டையில் ஏறினால்தானே!

"எதுக்கும்மா இந்தக் கழுவு கழுவுதே? கழுவக் கழுவ வட்டம் போயிருதுல்லா. லேசா அலசிட்டு விடு."

"சார், அப்ப வட்டம் போடுதது துகள் இல்ல, மிச்சம் கிடக்க கொல்லி."

"ஒனக்குப் பிஎச்டி வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். கரிசலில் ஆடு மேய்க்கிற என் அப்பா, "எம்மவ டாக்டராகப் போறா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சொன்னால் கேட்காதவர் பார்த்தாவது திருந்தட்டும் என்று, துகளைக் கழுவி வடித்த தண்ணீரை மட்டும் ஒரு தட்டில் வைத்தேன். மறுநாள் அடேயப்பா, அவ்வளவு பெரிய வட்டம்! அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இதுல நம்ம துகளே கிடையாது சார். வெறும் கழுவுன தண்ணி."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"ஏ யப்பா! இதுதாம்மா எல்லாத்தையும்விடப் பெரிசா இருக்கு. கட்டுரையில இதையே போட்டுருவோம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப எம்பேரை எடுத்துருங்க சார்."

எடுத்துவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரோடு பட்டமும் போயிற்று. கட்டுரை வந்தது. அந்தத் தண்ணீர் வட்டத்துக்குக் கீழே, சிலிக்கா நுண்துகளின் ஆற்றல் என்று கூசாமல் எழுதியிருந்தார். பட்டம் போனால் போகட்டும். அதை நம்பி, சரியாகக் கழுவாத துகளை யாரோ ஒருவர் புண்ணில் வைத்துக் கட்டினால், வேகப்போவது அந்தக் கோட்டுக்காரரின் தோலா?