ஆர்மேனியப் பாட்டுக்குத் தாள் புரட்டிய கதை

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. வெள்ளைக்காரருடைய இசைக்குறிப்பைப் பார்த்தால் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும். அப்படிப்பட்ட நான் ஒரு கச்சேரி மேடையில் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்டினேன் என்றால், அதற்கு என் சிநேகிதி ஒருத்தியின் அவசரமும் என்னுடைய வாய்க்கொழுப்பும்தான் காரணம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஜேர்மனியில், எர்லாங்கன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை. நான் யாழ்ப்பாணம், அவள் ஆர்மேனியா. ஊரில் இசைக் கல்லூரியில் பியானோ படிப்பித்தவள். அவளுடைய பட்டத்தை இங்கே ஒருவரும் ஏற்கவில்லை. அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை எழுதி எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை என்னோடு உருளைக்கிழங்கு சீவினாள். டொச் என்கிற ஜேர்மன் மொழியில், அதுவும் அரைகுறையாக, நாங்கள் கதைக்காத கதை இல்லை. மாமியாரில் தொடங்கினால் கிழங்கு முடியும்வரை போகும். அவள் டொச்சில் சொல்வதெல்லாம் என் காதுக்கு எங்கள் தமிழாகவே கேட்கும்.

ஒருநாள் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தேவாலய மண்டபத்தில் ஒரு மாலை வாசிக்கலாம். இசைப் பள்ளியின் தலைவர் கேட்க வருவார். அவருக்குப் பிடித்தால் ஆசிரியை வேலை. பிடிக்காவிட்டால் கிழங்கு.

அவள் தன் நாட்டுக் கிராமத்துப் பாட்டுகளைப் பியானோவுக்கு எழுதினாள். மாடு பூட்டி உழுகிறவர்களும், கோதுமை அடிக்கிறவர்களும், பிள்ளையைத் தாலாட்டுகிறவர்களும் பாடுகிற பாட்டுகள். எழுதி முடித்ததே முந்தின கிழமைதான், மனப்பாடம் ஆகவில்லை. தாள் புரட்ட ஒப்புக்கொண்டவளுக்கோ கச்சேரியன்று காலை காய்ச்சல்.

"நீ வா. நான் தலையாட்டுவன், நீ தாளைப் புரட்டு. அவ்வளவுதான்" என்றாள்.

"இதென்ன பெரிய வேலையே? நான் சின்னனிலை சங்கீதம் படிச்சனான், விடு" என்று வாயைக் கொடுத்தேன்.

முதல் இரண்டு பாட்டும் ஒரு பிழையில்லாமல் போயின. முன்வரிசையில் என் கணவர் கலியாண வீட்டுக் கோட்டோடு பெருமையாக இருந்தார். மூன்றாவது, உழவுப் பாட்டு. இடது கை சுருதிப் பெட்டி போல ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, வலது கை ஒரு மனிதக் குரலாகப் பாடத் தொடங்கியது. மாயாமாளவகௌளைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லத்தக்க ஒரு ராகம். எனக்கு மேடை மறந்தது, தாள் மறந்தது.

அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.

எங்கள் கச்சேரியில் பாடுகிறவர் ஒரு நல்ல இடத்தில் முன்வரிசையைப் பார்த்துத் தலையாட்டினால் நாங்கள் என்ன செய்வோம்? நாங்களும் ஆட்டுவோம். ஆட்டாவிட்டால் மரியாதை இல்லை. நானும் ஆட்டினேன். அவள் இன்னும் பலமாக ஆட்டினாள். அடி ஆத்தை, எப்படி அனுபவித்து வாசிக்கிறாள் என்று நானும் பலமாக ஆட்டி, நாக்கால் 'த்சொ, த்சொ' என்று சத்தமும் போட்டேன்.

தாள் முடிந்துவிட்டது. அவள் கடைசி வரிக்குத் திரும்பிப் போய் அதையே வேறுவிதமாக வாசித்தாள். சங்கதி போடுகிறாள்! எனக்குப் புல்லரித்தது. மூன்றாம் தரமும் அதே வரி, இன்னொரு விதமாக. அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தற்செயலாக முன்வரிசையைப் பார்த்தேன். என் கணவர் வெறுங்கையால் காற்றில் தாள் புரட்டிக்கொண்டிருந்தார்.

புரட்டினேன். அதற்குப் பிறகு நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

முடிந்ததும் தலைவர் அவளுடைய கையைக் குலுக்கி, "சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜேர்மன்காரர் அப்படிச் சொன்னால் அதற்கு நூறு அர்த்தம். என் கணவர் கோட்டு மாட்டும் இடத்திலேயே தொடங்கிவிட்டார்: "இஞ்சரும், அந்தப் பிள்ளை புரட்டச் சொல்லி ஆட்டுது. நீர் என்னப்பா பதிலுக்கு ஆட்டிக்கொண்டு நிண்டனீர்?"

அவள் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஒருக்கா ஏசிவிடடி" என்று கேட்டும் பார்த்தேன். "சமாளிச்சன்தானே" என்று சிரித்துவிட்டுக் கிழங்கை எடுத்தாள். பதினைந்து நாள் அவளுடைய பெரிய சட்டிகளையும் நானே தேய்த்தேன். நாள் தவறாமல் மெழுகுதிரி கொளுத்தி, "மாதாவே, நான் தலையாட்டினதுக்கு அவளைத் தண்டிச்சுப்போடாதை, அந்த வேலையைக் குடுத்துவிடு" என்று மன்றாடினேன்.

கடிதம் வந்தபோது அவள் அதைப் பிரிக்காமலே சமையலறைக்குக் கொண்டுவந்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு, நீ பார்." ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தேன். அலுவலக டொச் எனக்கு ஒருமுறையில் பிடிபடாது. இரண்டு தரம் வாசித்தேன். வேலை கிடைத்திருந்தது. உழவுப் பாட்டில் அந்த வரி மூன்று விதமாக வருகிற இடத்தின் பிரதியும் தனக்கு வேண்டும் என்று தலைவர் கடைசியில் கையால் எழுதியிருந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, ஏப்ரனோடு துள்ளினோம்.

"முதலாந் திகதி தொடங்கவேணுமாம். மேலதிகாரியிட்டை இண்டைக்கே சொல்லவேணும்" என்று அவள் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பதினைந்து நாளும் அவளுக்கு அந்த வேலை கிடைக்கவேண்டும் என்று மட்டுமே மன்றாடியிருந்தேன். கிடைத்தால் அவள் போய்விடுவாள் என்பது ஒருதரம்கூட என் மண்டையில் ஏறவில்லை.