காளிச்சாமி பெருக்காமல் விட்டது

முதலமடைப் பக்கம் குளிரறை மெக்கானிக் என்றால் காளிச்சாமிதான். ஐம்பத்தாறு வயது. கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் கணக்கின் மேல் மனுஷனுக்கு அப்படியொரு கர்வம்! போட்ட கணக்கை யாராவது மறுபடி போட்டுப் பார்த்தால் நக்கலாகச் சிரிப்பார். இப்போது அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

போன வருஷம் பங்குனியில், பெருமாட்டியில் இருக்கும் ஒரே தங்கை பூவாத்தாளின் மாந்தோப்பில் குளிரறை கட்டிக்கொடுத்தார். பறித்த மாங்காயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிட்டால் லாரி வரும்வரை பழுக்காமல் கிடக்கும். பூவாத்தாளின் வீட்டுக்காரர் பழனிச்சாமி அந்த அறையை நம்பித்தான் மொத்தத் தோப்பையும் ஒரே சமயத்தில் பறித்தார்.

கம்ப்ரசர் எவ்வளவு பெரிசு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ மாங்காயில் ஒரு டிகிரி சூடு இறங்க எவ்வளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும்? வெப்ப ஏற்புத்திறன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். காளிச்சாமியிடம் இருந்தது தேவிகுளத்தில் ஏதோ எஸ்டேட் ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய இங்கிலீஷ் கையேடு. அதில் மாங்காய்க்கு 0.9 என்று போட்டிருக்கும். அது பிரிட்டிஷ் வெப்ப அலகில், ஒரு பவுண்டுக்கு, ஒரு பாரன்ஹீட் டிகிரிக்கு. புதுக் கம்ப்ரசருக்கோ கிலோஜூலில், கிலோவுக்கு, செல்சியஸுக்குச் சொல்ல வேண்டும்.

2.326ஆல் பெருக்கினார். சித்தூரில் ஐஸ் பேக்டரிகளில் இருபது வருஷம் புரண்டவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வருகிற எண் அது. தண்ணீர் ஐஸாக உறைகிறபோது டிகிரி மாறாது. அதனால் அலகையும் பவுண்டையும் மாற்றினால் அங்கே கதை முடிந்தது. மாங்காய் அப்படியா? டிகிரி டிகிரியாக இறங்க வேண்டும். செல்சியஸ் டிகிரி பெரிசு, பாரன்ஹீட் டிகிரி சிறிசு. அதற்காக இன்னொரு 1.8 பெருக்க வேண்டும். அட, அதைத்தான் விட்டுவிட்டார்! 3.77 வரவேண்டிய இடத்தில் 2.09 வந்தது. வேண்டிய பலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்த மிஷினை வாங்கி மாட்டினார்.

காய் அடுக்கிய நாலாம் நாள் அறையைத் திறந்தால் பழ வாசனை குப்பென்று அடித்தது. அத்தனையும் பழுத்து, காம்போரம் கறுத்துக் கிடந்தன. காளிச்சாமி வந்து மிஷினைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். அதில் ஒரு பழுதும் இல்லை. பறிப்பாட்கள் எல்லாரும் நிற்க, மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மாப்ள, கதவைத் தொறந்து தொறந்து போட்டீங்களாக்கும்?”

“இல்லீங்க மச்சான். சாத்தித்தானுங்க வெச்சேன்.”

“அப்பறம் எப்படிங்க சூடு எறங்காம நிக்கும்? என்ற கணக்குல தப்பு வராதுங்க.”

பக்கத்தில் நின்ற பூவாத்தாள் முந்திக்கொண்டாள். அண்ணன் சொல் அவளுக்குச் சாமி வாக்கு. ஒரு கதவைச் சாத்தத் துப்பில்லாத ஆம்பளை என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். அன்றிலிருந்து புருஷனுக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. ஆடியில் பழனிச்சாமி நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

இந்த வருஷம் மாசியில் வேறொரு தோப்புக்காரருக்கு அறை கட்ட வேண்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அனுப்பிய அட்டவணையில் மாங்காய்க்கு நேராக 3.77 என்று இருந்தது. தப்பாக அச்சடித்திருக்கிறான்கள் என்று காளிச்சாமி திட்டினார். தன் பழைய நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். விட்டுப்போன 1.8ஐ எழுதிப் பெருக்கினார்; 3.77 வந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால், தாய் தகப்பன் இல்லாத மனுஷனுக்கு ரத்த உறவென்று இருக்கிற ஒருத்தியும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் செய்யாத தப்பு அந்த நல்ல மனுஷன் தலையிலேயே கிடக்கும். மூன்று நாள் ஒரு வேலைக்கும் போகவில்லை. நாலாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு பெருமாட்டிக்குப் போனார்.

பூவாத்தாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணா” என்றாள். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் சொல்லிவிட்டார்.

“அம்மிணி, மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் ஒரு பெருக்கல உட்டுப்போட்டேன். மிஷினு பத்தல. கதவத் தொறந்தே பாக்காம இருந்திருந்தாலும் காய் பழுத்துத்தான் இருக்கும்.”

அவள் தவிட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஆசுபத்திரிக்குக் கொண்டு போறப்ப, கார்ல, என்ற கையப் புடிச்சுக்கிட்டாருங்கண்ணா. ‘பூவு, நான் சாத்தித்தான் வெச்சேன், நீயாச்சும் நம்பு’ன்னாரு. எங்கண்ணன் கணக்கு தப்பாதுன்னு சொல்லி, நான் கைய உருவிக்கிட்டேன்.”