ஈரச் சட்டையும் ரேடியோ வால்வும்

தலவாக்கலையில் ரேடியோ திருத்தும் றோலண்டைக் களவாணி என்றார் தேயிலைத் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர். ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரிந்து சூடேறும் கண்ணாடி வால்வை அவன் மாற்றிக் கொடுத்தும், அது ஒரே வாரத்தில் வெடித்துவிட்டதாம். பழைய வால்வைப் போட்டு ஏமாற்றினானாம். கடைத்தெருவில் பத்துப் பேர் கேட்கச் சொன்னார். உண்மையில் அது கொழும்பிலிருந்து அவன் வரவழைத்த புத்தம்புது வால்வு. இந்தப் பேச்சை எந்த மனிதன் பொறுப்பான்? ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆடி மழையில் நனைந்துகொண்டே கிளாக்கர் வீட்டுக்கு ஏறிப்போனான்.

பேச்சற்றுக் கிடந்த ரேடியோவின்மேல் பிள்ளையின் ஈரச் சட்டைகள் காயப்போட்டு விரிக்கப்பட்டிருந்தன. சொட்டிய நீர் உள்ளே இறங்கியிருந்தது.

"சூடான கண்ணாடியில தண்ணி விழுந்தா வெடிக்காதாங்க?" என்றான்.

கிளாக்கரின் மனைவி அலுத்துக்கொண்டாள். "சீக்கிரம் திருத்திக் குடுப்பா. அது நின்னதுலேருந்து ஒரு துணியும் காயல."