பின் என்ஜின் அக்கா

செங்கோட்டை நடைமேடையின் முழு நீளத்தையும் அவர் நடந்து வருவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாரல் காற்று குடையைப் பின்பக்கமாக மடக்கிவிடும். அவர் அதைச் சரிசெய்யக்கூட நிற்காமல், வாக்கிடாக்கியை மட்டும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக வருவார். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் என்ஜினிலிருந்து, முதல் பெட்டிக்கு முன்னால் நிற்கும் எங்கள் என்ஜின்வரை. இதற்காக யாரும் அவரை அனுப்பவில்லை. பேச வேண்டியதை வாக்கிடாக்கியிலேயே பேசிவிடலாம். ஆனாலும் புறப்படுவதற்கு முன் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு முன்னால யாரு?" என்று கேட்பார். எங்கள் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லவைத்து, பாதையில் எங்கே வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே மண் இளகியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்ட பிறகே திரும்பிப் போவார்.

ரயில் ஓட்டுநர்கள் கூட்டத்தில் எல்லாரும் அவரைப் பின் என்ஜின் அக்கா என்றுதான் சொன்னோம். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் வண்டிக்கு முன்னால் ஒரு என்ஜின், பின்னால் ஒரு என்ஜின். ஏறும்போது பின் என்ஜின் தள்ளும், இறங்கும்போது பிடித்து நிறுத்தும். நடுவில் அத்தனை பெட்டிகளும், அவற்றுக்குள் அத்தனை மனிதர்களும். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒருவர் இழுக்கும் நேரத்தில் மற்றவர் பிடித்தால் வண்டி நடுவில் அறுந்துபோகும். இரண்டு என்ஜினையும் ஒரே மனசோடு ஓட்ட வேண்டும் என்று சொல்வது எளிது. பார்க்காத மனசை எப்படிப் பிடிப்பது? அதற்காகத்தான் அந்த நடை. "முகத்தப் பாக்காத ஆளு சொல்லுத சொல்ல நான் எப்படி நம்புதது?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் அப்போது முன் என்ஜினில் உதவி ஓட்டுநர். எனக்கு ஊர் பாவூர்சத்திரம். வீட்டில் காய்கறிக் கமிஷன் கடை. மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சலுக்கு நடுவே வளர்ந்தவன். அக்காவுக்கு இலத்தூர். வயல் உள்ள குடும்பம். அண்ணன்மாரில் ஒருவர் ராணுவத்தில், ஒருவர் போலீஸில், இன்னொருவர் ஊரில் விவசாயம். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர் அவர், ஆனால் அப்போதே பின் என்ஜினின் ஓட்டுநர். எங்கள் முன் என்ஜினில் ஓட்டுநராக இருந்தவர் சிவகிரிக்காரர். அவரைச் சிவகிரி அண்ணாச்சி என்போம். அந்த மலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. கை சுத்தம், தொழில் சுத்தம், ஆனால் வேலையில் இருக்கும்போது வீண்பேச்சு பிடிக்காது. எது வீண்பேச்சு என்று முடிவு செய்கிறவரும் அவரேதான். அக்கா முதல் தடவை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றபோது, "வண்டி ஓட்டப் போறோமா, கல்யாணம் பேசப் போறோமா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, மண் இளகிய இடத்தை அவரையே சொல்லவைத்துவிட்டுப் போனார்.

தென்காசியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இடம் கிடைக்காமல் ஒரு கல்யாண மண்டபத்தின் சின்னக் கூடத்தில் வைத்திருந்தார்கள். மேடையில் முந்தைய நாள் மணமக்களின் பெயர்கள் தெர்மகோல் எழுத்துகளில் அப்படியே ஒட்டியிருந்தன. பாடம் எடுக்க வந்தவர் ரயில்வேக்காரர் அல்ல. பல வருடம் விமானம் ஓட்டிவிட்டு, ஒரு குழுவாகத் தவறைத் தவிர்ப்பது எப்படி என்று விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். இயந்திரம் கெட்டதால் மட்டும் விபத்து வருவதில்லை என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு ஆபத்து தெரிந்திருக்கும், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பார், அல்லது சொன்னது பெரியவர் காதில் செய்தியாக விழாமல் மரியாதையாக மட்டும் விழுந்திருக்கும் என்றார். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பாதி தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். விமானத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் பலருடைய எண்ணம்.

பிறகு அவர் மேடையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். சிவகிரி அண்ணாச்சியை ஒன்றிலும், அக்காவை மற்றொன்றிலும் உட்காரவைத்தார். எதிரே பாதையில் தடை இருப்பது உங்களுக்கு மட்டும் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள் என்றார் அக்காவிடம். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதிய, எனக்கு ஒரு சந்தேகம், நீங்க பாத்திருப்பிய, இருந்தாலும் அந்த வளைவுல..." அதற்குள் பயிற்சியாளர் கைதட்டினார். மோதியாயிற்று என்றார். கூடமே சிரித்தது. கல்யாண மேடையில் இரண்டு பேரையும் ஜோடியாக உட்காரவைத்ததற்கும் சேர்த்துச் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலை செங்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில் என் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இலத்தூர் விலக்கு தாண்டும்போது திரும்பிப் பார்த்து, நான் கேட்காமலே சொன்னார். அவர்கள் வீட்டில் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கிணற்று மோட்டார் பெட்டியில் கரண்ட் அடிக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. புது மோட்டார், அப்பா ஆசையாக வாங்கியது. அவர் சாப்பிட்டுவிட்டு நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்குவமாகச் சொல்லலாம் என்று அம்மா நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் சின்ன அண்ணன், இப்போது ஊரில் விவசாயம் பார்ப்பவன், போய்த் தொட்டுவிட்டான். உயிர் பிழைத்தது. வலது கை விரல்கள் மடங்கிப்போயின. ராணுவத்துக்கென்று காலையில் எழுந்து ஓடிக்கொண்டிருந்த பையன் அவன்.

"எங்க அம்மா பயந்தாங்கொள்ளி இல்ல தம்பி. மரியாதைதான். அந்த மேடையில நான் பேசுனது அப்படியே எங்க அம்மா பேச்சு" என்றார். பிறகு, "இனிமே ‘நிறுத்துங்க’ முதல்ல. ‘அண்ணாச்சி’ அப்புறம்" என்றார்.

மறுநாளே அதை ஒரு வழக்கமாக்கப் பார்த்தார். முன் என்ஜினோ பின் என்ஜினோ, கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டோ, ஓட்டுநரோ உதவியாளரோ, யார் ‘நிறுத்து’ என்று சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும். காரணம் நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று இதை அவர் சொன்னபோது சிவகிரி அண்ணாச்சி பிடிகொடுக்கவில்லை. பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். அவர் மொழியில் அது மறுப்புக்குப் பக்கத்து வீடு.

அந்தச் சீசனில், குற்றாலத்தில் கூட்டம் அலைமோதிய ஒரு காலையில், நாங்கள் கேரளப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். மலையைக் குடைந்த சுரங்கப்பாதையைத் தாண்டி பகவதிபுரத்தை நோக்கி இறக்கம். அன்று சாரல் இல்லை, நல்ல வெயில். ஒரு பெரிய வளைவில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தபோது வாக்கிடாக்கியில் அக்காவின் குரல் வந்தது. "நிறுத்துங்க. நடுப்பெட்டிக்கு அடியில புகை."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. பிரேக்கைப் போட்டார். வண்டி நின்றது. நானும் கார்டும் இரண்டு முனையிலிருந்தும் நடந்து, ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடுவில் சந்தித்தோம். ஒன்றுமில்லை. கரைக்குக் கீழே ஒரு தோப்பில் காய்ந்த தென்னை மட்டைகளைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். காற்று அந்தப் புகையை மேலே தள்ளிப் பெட்டிகளுக்கு அடியில் நுழைத்திருந்தது. வளைவில் பின்னாலிருந்து பார்த்த யாருக்கும் பெட்டிதான் எரிகிறது என்று தோன்றும்.

அருவிக்குப் போவதற்காக வண்டியிலேயே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எந்தா பிரஸ்னம், என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். எண்ணெய் கண்ணில் வழிய ஒருவர் எங்களை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. தென்காசியில் அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது தவறிப்போயிற்று. செங்கோட்டை போய்ச் சேர்வதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. தென்னை மட்டைக்கு வண்டியை நிறுத்திய பொம்பளை என்று ஓய்வறையில் யாரோ சொன்னது எனக்கே கேட்டது என்றால், அவருக்கும் கேட்டிருக்கும்.

விசாரிக்க வந்த அதிகாரி கடுமையானவர் அல்ல. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே, முன் என்ஜினிலிருந்து ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்திருக்கலாமே என்றார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிவகிரி அண்ணாச்சி எழுந்தார். அவர் அக்காவைக் கைவிட்டுவிடுவார் என்றே நான் நினைத்தேன். அந்தத் தாமதம் அவருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குத் தெரியும்.

"அவ நிறுத்தச் சொன்னா, நான் நிறுத்துனேன். நாளைக்குச் சொன்னாலும் நிறுத்துவேன் சார். கொஞ்சம் கவனிச்சுட்டுச் சொல்லுன்னு நாம இன்னைக்குச் சொல்லிட்டா, அடுத்த தடவ நிஜமா எரியும்போதும் அவ கவனிச்சுக்கிட்டுத்தான் இருப்பா."

அதிகாரி நியாயம்தான் என்று சொல்லி, தேநீர் வரவழைத்தார். விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அன்று மத்தியானம் அடுத்த வண்டிக்கு ஏறியபோது, அண்ணாச்சி தன் பையை என்ஜினில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். எங்கே என்று கேட்டேன். அவர் நடைமேடையில் நடக்க ஆரம்பித்தார். வண்டியின் முழு நீளத்துக்கும். நானும் பின்னால் போனேன். பின் என்ஜினுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அழுத முகம், கழுவியிருந்தார்.

"பிள்ள, எனக்குக் கோவம் வந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "ஆனா நான் கோவப்படுவேன்னு நெனச்சு நீ வாய மூடிராத."

"நீங்க வஞ்சாலும் சொல்லத்தான் செய்வேன் அண்ணாச்சி" என்றார் அக்கா.

"அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அந்த வருட ஐப்பசி மழை மலையைக் கரைத்துவிடுவதுபோலப் பெய்தது. ஆரியங்காவு தாண்டி கேரளப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். மத்தியானம்தான், ஆனாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும்படியான இருட்டு. ஓட்டுநர் இடதுபக்கம், நான் வலதுபக்கம். வலதுபுறம் திரும்பும் வளைவுகளில் எனக்குத்தான் முதலில் தெரியும். அப்படி ஒரு வளைவின் தொடக்கத்தில், மேலே வெட்டிவிட்ட மலைச்சுவரிலிருந்து வடிந்துகொண்டிருந்த தண்ணீர் எனக்குக் கண்ணில் பட்டது. மழைக்காலம் முழுக்க அங்கே தண்ணீர் வடியும். ஆனால் அன்று அது செங்காவி நிறத்தில் இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. பாறையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரின் நிறத்தை மட்டும்.

நிறுத்தி, ஒன்றுமில்லாமல் போனால் என்ற எண்ணம் வரவே செய்தது. வந்த வேகத்தில் போயிற்று. ஒன்றுமில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவன். ஒரு பெரியவர் நடைமேடை முழுக்க நடந்து போவார். அவ்வளவுதான்.

"நிறுத்துங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் கை பிரேக்கில் இருந்தது. வாய், "பின்னால நிறுத்து" என்றது. அந்தச் சொல் முடிவதற்குள் "நிறுத்துதேன்" என்று அக்காவின் குரல் வந்தது. முன்னும் பின்னும் ஒரே பிடி. பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்காமல், இழுக்காமல், அத்தனை சரிவில் அந்த நீள வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்து வளைவுக்குள் ஊர்ந்து நின்றது. எங்கள் விளக்கு வெளிச்சத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், மலைச்சுவர் பாதைமேல் சரிந்து கிடந்தது. வேரோடு ஒரு பலாமரம். அதற்கு அடியில் எங்கள் என்ஜின் அளவுக்கு ஒரு பாறை. தண்டவாளத்துக்கு இடதுபக்கம் பள்ளத்தாக்கு.

வாக்கிடாக்கியில் அக்கா கேட்டார். "நின்னாச்சு. முன்னால எல்லாரும் சரியா இருக்கியளா?" ஏன் நிறுத்தினோம் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார். அண்ணாச்சி வாக்கிடாக்கியை என்னிடம் நீட்டினார். நான் பாறையைப் பற்றிச் சொன்னேன். பிறகு, இந்தச் சரிவில் வண்டி நகராமலிருக்க இரண்டு பக்கமும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்து திருப்பிச் சொன்னோம்.

இப்போது நான் ஓட்டுநர். அதே மலைப்பாதை, மேலே மின்கம்பி ஓடுகிறது. அண்ணாச்சி ஓய்வு பெற்றுச் சிவகிரியில் எலுமிச்சை போட்டிருக்கிறார். அக்கா வகுப்பெடுக்கிறவராகிவிட்டார். மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள், ஒரு குழு எப்படி அந்தத் தவறைப் பிடிக்கிறது என்பதுதான் அவர் பாடம். போன மாதம் தென்காசியில் அவர் நடத்திய வகுப்பில் என்னையும் பேசக் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்த உதவி ஓட்டுநர்கள், அதில் பெண்கள் பலர். நான் பலாமரத்தையும் பாறையையும் மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போயிருந்தேன். மேடையேறும்போது அக்கா என் காதருகே வந்தார்.

"பாறைக் கதை வேண்டாம் தம்பி. அத எல்லாரும் கைதட்டிக் கேட்டுட்டுப் போயிருவாங்க. மட்டை எரிஞ்ச கதையச் சொல்லு."

சொன்னேன். எண்ணெய்த் தலையோடு வைதவரைச் சொன்னபோது சிரித்தார்கள். அண்ணாச்சி நடைமேடையில் நடந்ததையும் சொன்னேன். முடித்ததும், நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து தயக்கமில்லாமல் கேட்டாள். "எங்க டிரைவர் அப்படி நடந்து வர மாட்டாரு மேடம். வைவாரு. அப்ப நாங்க என்ன செய்யதுக்கு?"

"நிறுத்தச் சொல்லு. வசவ வாங்கிக்கோ" என்றார் அக்கா. "அவரு பேர எனக்குக் கொடு. அடுத்த வகுப்புல உன் பக்கத்து நாற்காலியில அவரு உக்காந்திருப்பாரு."

அந்தப் பெண் அப்போதே பெயரைச் சொன்னாள்.