உப்புத் தண்ணீரில் கழுவிய ஊசி

ஆட்டு நாக்குக்கு ஊசி போடுவதில் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே அனுபவசாலி நான்தான். போட்டிக்கு வேறு ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் காலையில் நாக்கு வாங்கப் போய் நிற்பேன். கறிக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாக்கு தின்னும் பேச்சு வரலையே தம்பி" என்பார். தின்பதற்கில்லை, முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு என்று விளக்கினேன். அதற்குப் பிறகு இன்னும் இரக்கமாகப் பார்த்தார்.

ஆராய்ச்சி இதுதான். நம் கரையில் ஒதுங்கும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த பசையில் புற்றுநோய் மருந்தைக் கலந்து, வாயில் கட்டி இருக்கும் இடத்திலேயே ஊசியால் செலுத்துவது. ஊசிக்குள் நீர்மமாக ஓட வேண்டும். சதைக்குள் போனதும் ஜெல்லியாக உறைந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மனுசன் வாய்க்குப் போகுமுன் சோதித்துப் பார்க்கத்தான் ஆட்டு நாக்கு.

இந்தக் கிறுக்கை எனக்குள் ஏற்றியவர் என் அக்கா வீட்டுக்காரர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். கன்னத்தில் புற்று வந்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றி, முடி கொட்டி, குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியெடுத்து, பாதி ஆளாகப் பிழைத்தவர். அப்போது ஒருநாள் படுத்தபடியே சொன்னார்: "புண்ணு கன்னத்துல இருக்கு மாப்ள. மருந்து உள்ளங்கால் வரைக்கும் போகுது. வீட்டு நம்பர் தெரிஞ்சும் தெரு பூராக் கதவத் தட்டுறானுக."

அது மறுபடி வந்துவிடக் கூடாதே என்று இன்னும் மருத்துவமனைக்குப் போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் எனக்கு இது வெறும் பட்டம் இல்லை.

ஆனால் என் ஊசி அடைத்துக்கொண்டது. சதைக்குள் உறைய வேண்டிய பசை ஊசிக்குள்ளேயே உறைந்தது. மூன்று மாதம் இதே கதை. நான் ஊசியைக் குறை சொன்னேன், பாசியைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் பேராசிரியை கூப்பிட்டார். "நாளைக்கு மதுரையிலருந்து ரெண்டு நிபுணர்கள் உங்க சோதனையப் பாக்க வாராங்க. நாளைக்கும் அடைச்சதுன்னா எலிச் சோதனைக்கு அனுமதி இல்ல. இதை மூடி வச்சிட்டு வேற தலைப்பு பாருங்க."

அடைத்த ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். மச்சான் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தார். பிறகு டீத்தூளை அள்ளியபடி கேட்டார்.

"எந்தத் தண்ணில கழுவுற?"

"குழாயிலதான் மச்சான். உப்புத் தண்ணி."

"கடைசியா அலசுறது?"

"அதுவும் அதுலதான்."

"ஏலே, அந்தத் தண்ணி சட்டியில ரெண்டு சொட்டு நின்னாலே எனக்குப் பால் திரிஞ்சிரும். உன் பசை மட்டும் சும்மா இருக்குமா?"

நான் ஊசியைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். சுண்ணாம்புச் சத்து பட்டால் கடற்பாசிப் பசை அந்த நொடியே உறையும்; சதைக்குள் அது உறைவதும் அங்கே இருக்கும் அதே சத்தால்தான். இதை ஜூனியர் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கேள்வி வேறு கேட்டவன் நான்.

ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீர் கேன் கேனாக நிற்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு நல்ல தண்ணீர் குடிக்க, உப்புத் தண்ணீர் கழுவ. நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவினால் அம்மா கரண்டியோடு வருவார். எத்தனை பட்டம் வாங்கினாலும் அந்தக் கரண்டி முதுகிலேயே இருக்கிறது போல. மூன்று மாதமாக என் கை தானாகவே குழாயடிக்குப் போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஊசியைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசினேன். ஒவ்வொரு முறையும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மதுரைக்காரர்கள் வந்தார்கள். மருந்துக்குப் பதில் நீலச் சாயம் கலந்த பசையை நாக்கில் வைத்து அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போனது. நாக்கை, எச்சிலில் இருக்கும் உப்புகளைக் கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டு ஒரு மணி நேரம் குலுக்கினோம். நீரில் நீலமே இல்லை. நாக்கை வெட்டினால், உள்ளே மொச்சைக்கொட்டை அளவுக்கு நீல ஜெல்லி, வைத்த இடத்திலேயே இருந்தது. வந்தவர்களில் பெரியவர் அதைச் சாமணத்தால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "எலிக்குப் போகலாம்" என்றார். எங்கள் பேராசிரியை சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் கையில் நாக்கோடு இளித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் ஒன்று துறை அறிவிப்புப் பலகையில் இன்னும் இருக்கிறது. இரண்டில் எது ஆடு என்று கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சாயங்காலம் டீக்கடை. நடந்ததையெல்லாம் கைகால் ஆட்டிச் சொன்னேன்.

"எலிக்கு அப்புறம்?" என்றார் மச்சான்.

"பெரிய மிருகம். அப்புறந்தான் மனுசன். வருசக்கணக்காகும் மச்சான்."

"ஆகட்டும். நான் எங்க போறேன், கடையிலதான இருக்கேன்."

சொல்லிவிட்டு எனக்கான கிளாஸை எடுத்தார். அக்கா பார்க்கிறாளா என்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்து நல்ல தண்ணீரிலேயே அதை அலசினார்.