பிலோமினா மிஸி வாசித்த கடிதம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மானிப்பாயில் நாங்கள் ஒதுங்கியிருக்கும் வீட்டுப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்த கரம்பொன் அந்தோனி அண்ணை, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

“மாஸ்ரர், எங்கட மிஸி மோசம் போட்டா. ராத்திரிச் சீவன் போட்டுது.”

எந்த மிஸி என்று நான் கேட்கவில்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் தாதியாக இருந்த பிலோமினா மிஸியைத் தீவுப்பகுதியில் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குள்ளமான உருவம், கையில் கறுப்புக் குடை, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடும் வாய். அந்த வாயில் நானும் அகப்பட்டவன்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் வேலணைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலைக்கு நான் தலைமை ஆசிரியராக இருந்தேன். கொஞ்சம் கண்டிப்பானவன். கொஞ்சம் என்று சொல்வது நான். என் மாணவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவார்கள். பாடசாலையின் மலசலகூடத்துக்கு ஆமைப்பூட்டுப் போட்டு, அதன் திறப்பை என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். அவசரம் உள்ள பிள்ளை கந்தோருக்கு வந்து என்னிடம் கேட்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பு வசந்தி ஒருநாளும் வந்து கேட்டதில்லை. ஏழு வயதுப் பிள்ளை. வகுப்பிலேயே சட்டை அழுக்காகிவிடும். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கை விட்டு எழும்பினார்கள். பெற்றோர் சிலர் என்னிடம் முறையிட்டார்கள். நான் தாயாருக்குக் கடிதம் எழுதினேன். ‘பிள்ளை தன்னைக் கட்டுப்படுத்தப் பழகும்வரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்.’ அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாகப் போய் மத்தியானச் சோறு சாப்பிட்டேன்.

நாலு நாள் கழித்துக் கறுப்புக் குடை ஒன்று கந்தோர் வாசலில் மடங்கியது.

“உங்கட கடிதம் பார்த்தனான், மாஸ்ரர். எழுத்து முத்து முத்தா இருக்கு. அது என்னட்டையே இருக்கட்டும்” என்றார் மிஸி. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“அந்தப் பிள்ளை அடக்கி அடக்கி, வயிறு கல்லாப் போச்சு. உள்ளுக்கு இறுகிக் கட்டி நிக்குது. அதைச் சுத்திக் கசிஞ்சு வாறது அவளுக்கே தெரியாது. அது நெருக்கிறதாலை சலமும் நிக்குதில்லை. தாய் என்ன செய்தவ தெரியுமோ? விடிய ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடுக்காமல் பள்ளிக்கூடம் விட்டிருக்கிறா. அதாலை இன்னும் இறுகிப்போச்சு. நீங்கள் அடக்கச் சொல்லுறீங்கள். அடக்கினதாலை வந்த வருத்தம், நோய், மாஸ்ரர். குழப்படி இல்லை.”

“நான் என்ன செய்ய ஏலும்?”

“முதல் அந்தத் திறப்பைத் தாங்கோ.”

“தண்ணி இல்லாமல் நாறும், மிஸி. அதாலைதான் பூட்டினனான்.”

“அப்ப தண்ணி அள்ளுங்கோ.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் லாச்சியைத் திறந்தேன். திறப்பும் ஆமைப்பூட்டும் அன்றைக்கு அவருடைய கைப்பையோடு போயின; திரும்பி வரவில்லை.

மறுநாளிலிருந்து முதல் மணிக்கு முன்னர் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி வைப்பது தலைமை ஆசிரியரின் வேலையாயிற்று. ஆஸ்பத்திரி டொக்டர் கொடுத்த மருந்து வீட்டில் நடந்தது. தண்ணீர்ப் போத்தலும் பப்பாசித் துண்டும் புத்தகப் பையில் வந்தன. உள்ளே இருட்டு, கதவு பூட்டிக்கொண்டால் திறக்க முடியாது என்ற பயத்தில்தான் வசந்தி போகாமல் இருந்திருக்கிறாள். ஆகவே இடைவேளையில் சாப்பிட்ட கையோடு வகுப்பு ஆசிரியை அவளைக் கூட்டிக்கொண்டு போய், கதவுக்கு வெளியே கதைத்தபடி நிற்பார். மாற்றுச்சட்டை ஒன்று என் அலுமாரியில் இருந்தது. “அழுக்காயிட்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படாது. கழுவி, மாத்தி, வாங்கிலை இருத்துங்கோ” என்பது மிஸியின் கட்டளை.

ஒரு மாதம் நன்றாகப் போனது. பிறகு இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்த அன்று பிள்ளைக்குத் திரும்பவும் அப்படியாகிவிட்டது. “பார்த்தீங்களே, மிஸி” என்று முறைப்பாடு சொன்னேன்.

“நீங்கள் மேசைக்குக் கீழை போகேல்லையோ?” என்று கேட்டார். நான் போயிருந்தேன்.

அந்த வருட முடிவில் அலுமாரிச் சட்டை வசந்திக்குச் சிறிதாகிவிட்டது. எடுத்து உடுத்த வேண்டிய தேவையும் அவளுக்கு வரவில்லை.

தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு, அகதிகளாக நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில் மிஸியை மறுபடி கண்டேன். ஓய்வு பெற்றுவிட்டார், காலும் வீங்கியிருந்தது. வரிசையில் நிற்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு கக்கூசை ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்தினரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுகம்கூட விசாரிக்கவில்லை. “வாளி எங்கை, மாஸ்ரர்?” என்றார்.

மிஸியின் இறுதிச் சடங்கில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தேன். உயர்தரம் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். வசந்தி.

“சேர், நான் இண்டைக்குப் படிக்கிறன் எண்டா மிஸியாலையும் உங்கட கடிதத்தாலையும்தான்.”

“எந்தக் கடிதம், பிள்ளை?”

“அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதுதானே. ஆஸ்பத்திரியிலை மிஸிதான் வாசிச்சுக் காட்டினவ. ‘இது வருத்தம், பிள்ளையிலை பிழை இல்லை. சுகப்படுத்திக் கொண்டு வாங்கோ, அவளின்ரை இடத்திலை வேறை ஒருத்தரையும் இருத்த மாட்டன்’ எண்டு எழுதினீங்களாம். அம்மா ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்து அழுதவ. அதுக்குப் பிறகு எனக்கு அடிக்கேல்லை.”

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடமாக மிஸி இதை என்னிடமும் சொல்லவில்லை, ஊரிலும் சொல்லவில்லை.

வசந்தி, இதை நீ வாசிப்பாய். அந்த வரிகளில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. உன்னை வரவேண்டாம் என்றுதான் எழுதினேன். என்னை மன்னித்துக்கொள், பிள்ளை.

மிஸி, நீங்கள் வாசித்ததுதான் நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம். காலம் பிந்தியாவது அதன் கீழே இன்றைக்கு என் கையெழுத்தை வைக்கிறேன். போய் வாருங்கள்.